காவல் மரணம்: மாஜிஸ்திரேட் அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

தாராவியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு இளைஞரை, செல்போன் திருட்டு ஒன்றைப் பற்றி விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லி இரவில் அழைத்துப்போனார்கள். மறுநாள் மாலை, நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. ‘ஏடிஆர்’ போட்டாயிற்று, மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கும், அறிக்கை வந்த பிறகுதான் வழக்குப் பதிவதைப் பற்றிப் பேச முடியும் என்று ஸ்டேஷனில் சொல்கிறார்கள். இது சரியா, போலீஸாரைப் போலீஸாரே விசாரித்தால் என்ன கிடைக்கும், உடலைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகலாமா என்பவை அவருடைய கேள்விகள். மும்பை நீதிமன்றங்களில் இப்படிப்பட்ட வழக்குகளை நெடுநாள் நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஸ்டேஷனில் சொன்னது சரியல்ல. ஏடிஆர் என்பது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194ஆம் பிரிவில், பழைய சட்டத்தில் 174ஆக இருந்த பிரிவில், போலீஸார் எழுதிவைக்கும் விபத்து மரணக் குறிப்பு மட்டுமே. மரணத்துக்கு வெளித்தோற்றத்தில் என்ன காரணம் என்பதைத் தாண்டி யார் பொறுப்பு என்று பார்க்கும் வேலை அதற்கு இல்லை. மாஜிஸ்திரேட் விசாரணை 196ஆம் பிரிவில் வருகிறது. காவலில் இறந்தால், காணாமல் போனால், பாலியல் வன்முறை நடந்தால், போலீஸார் செய்யும் புலனாய்வுக்குக் கூடுதலாக மாஜிஸ்திரேட்டும் விசாரிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. கூடுதலாக என்று சட்டமே சொல்லியிருப்பதால், ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்ற வரிசைக்கு இடமில்லை. கைது செய்து வழக்குத் தொடரத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்ஐஆர் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சீருடை அணிந்தவருக்கு விலக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே தாயோ தம்பியோ எழுதிக் கையெழுத்திட்ட புகாரை இன்றே ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைப் போலீஸ் கமிஷனருக்குப் பதிவுத்தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

தாயோ தம்பியோ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 196ஆம் பிரிவின்படி உறவினர் என்றால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி மட்டுமே. விசாரணை நடப்பதைத் தெரிவிக்க வேண்டியதும் உடனிருக்க அனுமதிக்க வேண்டியதும் இவர்களைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் சாட்சியாக மட்டுமே வர முடியும். குடும்பத்தார் ஊரில் இருந்தால் அடுத்த ரயிலில் வரச் சொல்லுங்கள்.

இனி உடல். மாஜிஸ்திரேட், மரணம் நிகழ்ந்த 24 மணி நேரத்துக்குள் உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். பரிசோதனையை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1995இலேயே மாநிலங்களை அறிவுறுத்தியது. மும்பையில் இந்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் பைகுல்லா ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவர் குழுவைக் கொண்டு நடத்தப்படுகின்றன. இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் கதவுக்கு வெளியே நிற்கும் குடும்பம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்காவிட்டால் அவை விட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

உள்ளங்கால், பிட்டம், முதுகு, தொடையின் பின்பகுதி ஆகிய இடங்களில் தோலை அறுத்து அடித்தசையைப் பார்க்கச் சொல்வது முதலாவது. லத்தியால் அடித்தால் பல நேரம் மேல்தோலில் ஒன்றும் தெரியாது, உள்ளே தசையில் இரத்தம் கட்டியிருக்கும். உள்ளங்காலில் விழுந்த அடியை அறுத்துப் பார்க்காமல் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். மேலே தெரியும் காயம் என்றால், உருண்டையான தடி விழுந்த இடத்தில் நடுப்பகுதி வெளிறி இருபுறமும் இரண்டு சிவந்த கோடுகள் டிராம் தண்டவாளம் போல ஓடும். கீழே விழுந்ததால் வந்த காயத்துக்கு அந்த வடிவம் கிடையாது. இரண்டாவது, காயங்களின் நிறத்தை ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொல்வது. புதிய கன்றல் சிவப்பிலும் நீலத்திலும் இருக்கும், சில நாட்கள் போனால் பச்சையும் மஞ்சளுமாக மாறும். பிடிபடுவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் அடித்துவிட்டார்கள் என்று பின்னால் ஒரு கதை வரும்போது, இந்த நிறக் குறிப்பும், எடுத்துவைத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த அறிக்கையுமே அதற்குப் பதில் சொல்லும். மூன்றாவது, மாரடைப்பு என்று எழுதினால் இதயத்தைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்பது. இதயம் நின்றது என்பது சாவு வந்த விதமே தவிர அதன் காரணம் ஆகாது. ஏன் நின்றது என்பதை அறிக்கை சொல்லியாக வேண்டும்.

ஊருக்குக் கொண்டுபோவதைப் பற்றிய கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தடை ஒன்றும் இல்லை, ஆனால் அவசரப்படாதீர்கள். விமானத்தில் அனுப்ப உடலைப் பதப்படுத்தும் சான்றிதழ் கேட்பார்கள். பதப்படுத்த ஏற்றும் மருந்து இரத்தத்தையும் திசுக்களையும் மாற்றிவிடுவதால், பிறகு நடக்கும் நச்சுப் பரிசோதனைக்குப் பொருள் இருக்காது. மறு பரிசோதனை தேவையா என்பதை முதல் அறிக்கையைப் பார்த்துத் தீர்மானித்துவிட்டு, தேவையென்றால் மும்பை உயர் நீதிமன்றத்தில் அவசர மனு போட்டுவிட்டு, அதன் பிறகு உடலை அனுப்புங்கள். எந்த வழக்கமுள்ள குடும்பமாக இருந்தாலும் இந்த ஒருமுறை எரிக்காமல் புதைக்கும்படி சொல்வேன். அந்த நேரத்தில் இதைச் சொல்வது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்து, பணமும் கொடுத்து, இரவோடு இரவாக ஊருக்கு எடுத்துப்போகச் சொல்லி வரும் திடீர் அக்கறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டுப்பார்க்க வேண்டிய நேரமும் அதுவே.

இந்த ஊரில் நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பஞ்ச்நாமா என்ற, சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு, வாக்குமூலம், உடலைப் பெற்றுக்கொண்டதற்கான தாள் எல்லாம் மராத்தியில் இருக்கும். மராத்தி பேசத் தெரிந்த பலருக்கும் அந்த எழுத்து நடை புரியாது. மரணம் குறித்து எங்களுக்குச் சந்தேகம் இல்லை என்ற ஒரே ஒரு வரி அதற்குள் இருந்தால், ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் அதை எடுத்து நீட்டுவார்கள். படித்துக் காட்டாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே, இதன் உள்ளடக்கம் எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை, மரணத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று தமிழிலேயே எழுதுங்கள். மாஜிஸ்திரேட் முன் சாட்சி சொல்லப் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே மனுக் கொடுங்கள்.

அடுத்தது, வழக்கின் உயிர்நாடி என்று நான் கருதுவது: அழைத்துப்போன நேரத்துக்கும் கைதுக் குறிப்பில் எழுதியிருக்கும் நேரத்துக்கும் இடையிலான மணிகள். அடி பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விழுகிறது. கைது செய்தால் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ அப்பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சான்றுக் கையெழுத்துப் போட்டு, உறவினருக்குத் தெரிவித்து, உடலில் இருக்கும் காயங்களைப் பதிந்து, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது 1996 டிசம்பரில். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது கூறு. கைது என்று காட்டாமல் விசாரணைக்கு என்று கூட்டிப்போனால் இவை எல்லாவற்றையும் ஒரே எட்டில் தாண்டிவிடலாம் என்பது அறியாதவர்கள் துறையில் யாரும் இல்லை. அதனால்தான் அந்த நேரத்தை வெளியிலிருந்து நிறுவ வேண்டியிருக்கிறது. தெரு முனைக் கடையின் கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், இன்றே நகல் எடுங்கள். கூட்டிப்போனபின் குடும்பத்தார் செய்த போன்கள், 112க்கு அழைத்திருந்தால் அந்த அழைப்பு, ஸ்டேஷன் வாசலில் நின்றபோது எடுத்த படம் ஆகிய எல்லாவற்றிலும் நேரம் இருக்கிறது. இறந்தவருடைய எண்ணுக்கும் அழைத்துப்போன போலீஸாரின் எண்களுக்கும் உரிய அழைப்புப் பதிவுகளையும் கோபுர இருப்பிடத்தையும் அழியாமல் காக்க வேண்டும் என்று மனுவில் கேளுங்கள்.

ஸ்டேஷனுக்குள் இருக்கும் கேமராவைப் பொறுத்தவரை, 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. வாசல்கள், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை, கழிப்பறைக்கு வெளியே, பின்புறம் என்று எல்லா இடத்திலும் இரவிலும் தெரியும், ஒலியும் பதியும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதே 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் இறந்தபோது விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? வன்தட்டில் போதிய இடம் இருந்தது, ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்துவைக்கப்பட்டிருந்தது. மாஜிஸ்திரேட்டுக்கே ஒத்துழைப்பு இல்லாத நிலையில், தடயம் அழியாமலிருக்க அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையினரின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி மதுரை அமர்வு உத்தரவிட்டது. உள்ளே நடந்ததைச் சொன்னவர் அங்கேயே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்த வழக்கில், அடித்தது ஸ்டேஷனுக்கு வெளியே. ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த சில நொடிப் படம்தான் அதை வெளியே கொண்டுவந்தது. செயல்படாத கேமராக்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது அதே ஆண்டு செப்டம்பரில். கேமரா இருப்பதால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. கேமரா பழுது என்ற பதிலை எழுத்தில் வாங்கிவிட்டால் அதுவும் ஒரு சாட்சியம். என்றிலிருந்து பழுது, யாரிடம் புகார் செய்தீர்கள், பராமரிப்புப் பதிவேடு எங்கே என்று தொடர்ந்து கேட்கலாம்.

யார் விசாரிப்பது என்பதற்கு வருகிறேன். அதே ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மகாராஷ்டிராவில் வழக்கு மாநில சிஐடிக்கோ கிரைம் பிராஞ்சுக்கோ போகும். அவர்களும் அதே துறைதான் என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் சிபிஐ என்ற பெயரைக் கேட்டதும் நிம்மதி கொள்ளவும் வேண்டாம். 2014 ஏப்ரலில் வடாலா ரயில்வே போலீஸாரிடம் பிடிபட்ட அக்னெலோ வல்தாரிஸ் என்ற 25 வயது இளைஞர், தப்பி ஓடும்போது ரயிலில் அடிபட்டு இறந்தார் என்றார்கள். தந்தை உயர் நீதிமன்றம் போய் வழக்கை சிபிஐக்கு மாற்ற வைத்தார். கொலைக் குற்றச்சாட்டு இடம்பெற வேண்டும் என்பதற்காக மறுபடியும் அதே நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது, 2019இல்தான் அந்த உத்தரவு கிடைத்தது. எந்த அமைப்பு விசாரிக்கிறது என்பதைவிட, அதன் தலையில் நீதிமன்றம் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்பேன்.

தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கு, காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட நிர்வாகமும் போலீஸும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று பார்க்காமல் நீங்களும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் அதை விசாரிக்க முடியாது. ஆணையம் தண்டிக்காது, பரிந்துரைக்கும். ஆனாலும் அது வரவழைத்து வைக்கும் பிரேதப் பரிசோதனை வீடியோவும் அறிக்கைகளும் பின்னால் உதவும். போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்றும் மாநிலத்தில் இருக்கிறது, 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்னது அது. அதற்கும் ஒரு மனு அனுப்பிவிட்டு, அதை மட்டும் நம்பியிராமல் அடுத்த வேலையைப் பாருங்கள்.

மாஜிஸ்திரேட் அறிக்கையால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு மகாராஷ்டிராவிலேயே அண்மையில் இரண்டு பதில்கள் கிடைத்திருக்கின்றன. பத்லாபூர் பள்ளிக் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்கின் குற்றவாளி எனப்பட்டவர், 2024 செப்டம்பர் 23 அன்று போலீஸ் வேனுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். தற்காப்புக்குச் சுட்டோம் என்றார்கள், இனிப்பு வழங்கியவர்களும் உண்டு. மாஜிஸ்திரேட் அறிக்கை வேனிலிருந்த ஐந்து போலீஸார் மரணத்துக்குப் பொறுப்பு என்றது. பெற்றோரே வழக்கைத் தொடர விருப்பமில்லை என்று சொன்ன பிறகும், 2025 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு உத்தரவிட்டது. குழு அமைக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் பிறகு மாநில டிஜிபிக்கு மாற்றியது. செத்தவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி 196ஆம் பிரிவில் எங்கும் இல்லை என்பதை, சும்மாவா பிடிப்பார்கள் என்று பேசும் நம் உறவினர்களிடமும் சொல்லிவையுங்கள். மற்றொன்று, 2024 டிசம்பரில் பர்பணியில் கைதான சோம்நாத் சூர்யவன்ஷி என்ற சட்ட மாணவரின் மரணம். அவர் இறந்தது நீதிமன்றக் காவலில், மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனையோ பல காயங்களால் ஏற்பட்ட அதிர்ச்சி என்றது, மாஜிஸ்திரேட் விசாரணையும் போலீஸார் பக்கமே கைகாட்டியது. அப்படியும் எஃப்ஐஆர் தானாக வரவில்லை. தாயின் மனுவில் 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு உத்தரவிட, அதை எதிர்த்து மாநில அரசே உச்ச நீதிமன்றம் போய்த் தோற்றது.

அறிக்கைக்குப் பின் அடுத்த படி என்ன என்பதை 196ஆம் பிரிவு சொல்லாமல் விட்டதுதான் இந்த அலைச்சலுக்குக் காரணம். பழைய சட்டத்தில் 2006 முதல் இருந்த இந்தக் குறையைப் புதிய சட்டம் எழுதும்போது சரிசெய்திருக்கலாம், செய்யவில்லை. அறிக்கை வந்ததும் அதன் நகலைக் கேட்டு மனுக் கொடுங்கள், அதை இணைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள். மாஜிஸ்திரேட்டிடமே 175ஆம் பிரிவில் புலனாய்வுக்கு உத்தரவு கேட்கும் வழியும் உண்டு. ஆனால் எதிரி அரசு ஊழியர் என்றால் அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பு விளக்கத்தையும் பார்த்த பிறகே உத்தரவிடலாம் என்று புதிய சட்டம் ஒரு தடுப்பு போட்டிருப்பதால், நான் ரிட் மனுவையே முதலில் எடுப்பேன்.

குற்றப்பத்திரிகைக்குப் பின் வரும் பெரிய சுவர், அரசு ஊழியர் மீது வழக்கு நடத்தத் தேவைப்படும் அரசின் முன் அனுமதி. காட்கோபர் குண்டுவெடிப்பு வழக்கில் பிடிபட்ட 27 வயது மென்பொருள் பொறியாளர் கவாஜா யூனுஸ், 2003 ஜனவரியில் ஜீப் விபத்தில் தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. சிஐடி 14 போலீஸாரைக் குற்றம் சாட்டியது, அரசு அனுமதி கொடுத்தது 4 பேர் மீது மட்டும். அந்த நால்வரில் ஒருவரான சச்சின் வாஜே, 2004இல் இடைநீக்கம் ஆனவர், 2020 ஜூனில் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். இடைநீக்கம் என்ற செய்தியைக் கேட்டு நீதி கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அடிப்பது அரசுக் கடமை ஆகாது, ஆகவே அனுமதி தேவையில்லை என்பது நம் தரப்பு வாதம். கடமையின் எல்லையைச் சற்று மீறிய செயலுக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2020இல் தேவராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எதிர்த்தரப்புக்கு உதவும். புதிய சட்டத்தின் 218ஆம் பிரிவில் ஒரு நன்மை: அனுமதி கேட்டு 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பிரிவில் குற்றச்சாட்டு என்பதில் ஆரம்பத்திலிருந்தே கண்ணாக இருங்கள். வாக்குமூலம் பெறுவதற்காகக் காயப்படுத்துவது இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 120ஆம் பிரிவு. சாதாரணக் காயத்துக்கு 7 ஆண்டு, கொடுங்காயத்துக்கு 10 ஆண்டு வரை தண்டனை. கொலை 103, தடயம் அழித்தல் 238. நாக்பூரில் 1993இல் நடந்த ஒரு காவல் மரணத்தில், போலீஸாரின் 3 ஆண்டுத் தண்டனையை 7 ஆண்டாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2018இல். காயப்படுத்திய பிரிவின் உச்சவரம்பே அவ்வளவுதான், கொலைக்கு அங்கே தண்டனை இல்லை. சக போலீஸார் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்பதை உணர்ந்து சாட்சியத்தை மதிப்பிட வேண்டும் என்று 1995இல் ஷ்யாம்சுந்தர் திரிவேதி வழக்கிலேயே அந்த நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களைக் கண்டித்திருக்கிறது. காவலில் காயம் ஏற்பட்டால் காவலில் வைத்தவரே அதற்குக் காரணம் என்று அனுமானிக்கலாம் என்ற திருத்தத்தைச் சட்ட ஆணையம் 1985இல் பரிந்துரைத்தது, 2017இல் மீண்டும் வலியுறுத்தியது. 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், இதைச் சேர்க்கவில்லை. எனவே ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவரே விளக்க வேண்டும் என்ற பொது விதியை, இப்போதைய 109ஆம் பிரிவை, வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கிறது. உயிரோடு உள்ளே போனவர் எப்படிப் பிணமானார் என்பது உள்ளே இருந்தவருக்குத்தானே தெரியும்?

இழப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வந்து பேசுவார்கள். காவல் மரணத்துக்கு அரசே நேரடியாக இழப்பீடு தர வேண்டும் என்பது 1993இல் நீலாவதி பெஹெரா வழக்கிலேயே முடிவான சட்டம். அதைக் கேட்பதாலோ வாங்குவதாலோ குற்றவழக்கு நின்றுவிடாது. மாநில அரசிடமிருந்து நீதிமன்றமோ ஆணையமோ வாங்கித் தரும் தொகையை வாங்கிக்கொள்ளலாம். ஸ்டேஷனுக்கு வேண்டியவர் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து கொடுக்கும் பணத்தை வாங்கவே கூடாது. அதோடு ஒரு தாளும் வரும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிறகு கோர்ட்டில்தான் கேட்பீர்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பியுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல் கையில் வந்ததும் எழுதுங்கள், மறு பரிசோதனை கேட்கலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.